கல்யாண ஐஸ்கிரீமும் ஒரு கூடை உப்பும்

"பொக வருது! பெட்டியிலேர்ந்து பொக வருது!"

சமையல் பந்தலிலிருந்து இந்தக் கூச்சல் கேட்டபோது நான் கோயில் பள்ளிக்கூடத்துக் குழாயடியில் முகமெல்லாம் சோப்போடு நின்றுகொண்டிருந்தேன். எங்கள் ஊர்த் தண்ணீரில் சோப்பு லேசில் நுரைக்காது. அரைமணி நேரமாகத் தேய்த்துத் தேய்த்து அப்போதுதான் கொஞ்சம் நுரை வந்திருந்தது. அதையும் துண்டில் துடைத்துவிட்டு ஓடினேன்.

பந்தலின் மூலையில் இரண்டு பெரிய தெர்மாகோல் பெட்டிகள். யாரோ நகர்த்தியதில் மூடி விலகி, விளிம்பு வழியாக வெள்ளைப் புகை வழிந்துகொண்டிருந்தது. எதிரே என் அக்கா வீட்டுக்காரர் சவரிமுத்து மாமா, கையில் நிறைந்த பக்கெட்டோடு.

"மாமா, வேணாம்! ஊத்தாதீங்க!"

ஊற்றிவிட்டார். ஒரு பெட்டியில் பாதி, மறு பெட்டியில் பாதி. உப்பள வேலைக்காரர் அல்லவா, எதையும் சரிபாதியாகப் பிரித்துத்தான் ஊற்றுவார்.

அடுத்த நொடி பந்தலே காணாமல் போய்விட்டது. 'புஸ்'ஸென்று கிளம்பிய புகை மேலே போகவில்லை. பெட்டியிலிருந்து இறங்கி, தரையோடு தரையாக ஓடி, சமையல்காரர்களின் கால்களுக்கு நடுவே புகுந்து, பிரியாணி அண்டாவைச் சுற்றிக்கொண்டது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் "ஏசுவே!" என்று அலறி, கத்தியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். காலில் பட்ட புகை சுடவில்லை, ஜில்லென்று இருந்தது. அதுதான் அவர்களை இன்னும் பயமுறுத்தியது.

அன்றைக்கு என் அக்கா மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். அந்தப் பெட்டிகளில் இருந்தது, பாண்டிச்சேரியிலிருந்து விடியற்காலையில் நான் கொண்டுவந்து இறக்கிய கல்யாண ஐஸ்கிரீம்.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் வேன் வாங்கிய கதையைச் சொன்னேன். அந்த வேன் ஏற்றிய சரக்குகளிலேயே என்னைப் படாதபாடு படுத்தியது எது என்று கேட்டால், மீனும் இல்லை, உப்பும் இல்லை, இதுதான்.

கேட்டது ஒன்றே ஒன்று

மாப்பிள்ளை பிரிட்டோ பாண்டிச்சேரியில் ஒரு காலேஜின் கெமிஸ்ட்ரி லேப்பில் வேலை பார்த்தான். தங்கமான பையன். அவன் அம்மா லூர்துமேரிதான் கொஞ்சம் கண்டிப்பு. நிச்சயத்தன்று எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது சொன்னார்.

"நகை நட்டு உங்க இஷ்டம். நாங்க வாயத் தொறந்து எதுவும் கேக்கல. ஆனா எங்க சொந்தமெல்லாம் பாண்டிச்சேரிக்காரங்க. சாப்ட்டு எழுந்தா எல்லார் கையிலயும் ஐஸ்கிரீம் இருக்கணும். அதுல மட்டும் கொற வெச்சிடாதீங்க."

சவரிமுத்து மாமா உடனே தலையாட்டினார். "வெச்சிடலாம்மா." மனிதர் அதிகம் பேச மாட்டார். பேசினால் அது நடந்தாக வேண்டும்.

பொங்கல் முடிந்து கல்யாணம் என்று பேச்சு. அதற்குள் அந்த மார்கழியில் கடல் உள்ளே வந்துவிட்டது. கரையோரக் குப்பங்களில் அழுகை ஓயவில்லை. உப்பளம் முழுக்கச் சேறு. அந்த நேரத்தில் யாருக்குக் கல்யாணம் செய்ய மனசு வரும்? தள்ளிப் போட்டார்கள். தவக்காலம் வந்தது, ஈஸ்டர் போனது, கடைசியில் மே மாதத்தில் வந்து நின்றது.

தை மாதத்து ஐஸ்கிரீம் வேறு, கத்திரி வெயில் ஐஸ்கிரீம் வேறு. இது லூர்துமேரி அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் அவர் பேச்சை மாற்றவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அக்காவின் பாயசம்

என் அக்கா அந்தோணியம்மாள் ஒரு மாதமாகத் தூங்கவில்லை. ஒரு ஐஸ்கிரீமுக்கா இத்தனை கவலை என்று நீங்கள் கேட்கலாம். அவள் கல்யாணத்துப் பாயசத்தைச் சொன்னால்தான் விளங்கும்.

அவள் கல்யாணம் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது. வெளியூர்ச் சமையல்காரர். பாயசத்துக்குத் தண்ணீர் எடுக்க ஆள் அனுப்பினார். எங்கள் பக்கத்தில் கிணற்றுக்குக் கிணறு தண்ணீர் வேறு. ஒன்று குடிக்கலாம், அதற்கு இருபதடி தள்ளி இருப்பது வாயில் வைக்க முடியாது. அந்த ஆள் கழிமுகப் பக்கத்துக் கிணற்றில் இறைத்து வந்துவிட்டான். லேசாகத்தான் கரித்தது, வெல்லம் போட்டால் தெரியாது என்று நினைத்தார்களாம்.

பாயசம் கொதித்தது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகிப் போனது. உப்பு போகுமா? அது அப்படியே அண்டாவில் உட்கார்ந்துகொண்டது. உப்பளத்தில் வெயில் செய்கிற வேலையைத்தான் இங்கே அடுப்பு செய்தது. முதல் வாய் வைத்த மாப்பிள்ளை வீட்டார் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அதிலிருந்து அக்காவின் நாத்தனார் ஆரோக்கியம் அந்தப் பாயசத்தை விடவே இல்லை. குழம்பில் ஒரு கல் உப்பு கூடினால், "இன்னா இருந்தாலும் பாயசத்துலயே உப்பு போட்ட வீடு." குறைந்தால், "எல்லாத்தையும் அன்னைக்கே பாயசத்துல கொட்டிட்டாங்க போல." சிரித்துக்கொண்டேதான் சொல்லும் அந்த அம்மா. இருபது வருஷத்துக்கு மேல் சிரித்துக்கொண்டே சொன்னது. அக்காவும் சிரித்துவிட்டு, சமையற்கட்டுக்குப் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

"டேய் பீட்டரு," என்றாள் அக்கா, கல்யாணத்துக்கு முதல் நாள். "எனக்கு பாயசம். என் பொண்ணுக்கு ஐஸ்கிரீம்னு ஆயிடக் கூடாதுடா. அவ அந்த வீட்டுல ஆயுசுக்கும் பேச்சு கேக்கணும்."

"நான் இருக்கேன் இல்ல? கவலய வுடு," என்றேன். வாய் மட்டும் எனக்கு எப்போதும் பெரிது.

காற்றாகப் போன கட்டி

பாண்டிச்சேரி ஐஸ்கிரீம் ஏஜென்சிக்காரர் பெட்டியை ஏற்றும்போதே சொன்னார்.

"உள்ள பேப்பர்ல சுத்தி ட்ரை ஐஸ் கட்டி வெச்சிருக்கேன். வெறுங்கையால தொட்டுடாதீங்க, கை வெந்து போய்டும். பெட்டிய தொறக்காம வெச்சிருந்தா மத்தியானம் வரைக்கும் தாங்கும்."

"உருகித் தண்ணி ஓடுமா சார்? வேன்ல இப்பதான் புது மேட் போட்டிருக்கேன்."

"அது தண்ணியாவே ஆவாதுங்க. கட்டியா இருக்கும். அப்பறம் நேரா காத்தா போய்டும்."

நான் நம்பவில்லை. பள்ளிக்கூடத்தில் எங்கள் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது வேறு. திடம், திரவம், வாயு. திடத்துக்குச் சொந்தமாக ஒரு வடிவம் உண்டு. திரவம் ஊற்றின பாத்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். வாயுவை எதில் அடைத்தாலும் அது முழுக்கப் பரவிக்கொள்ளும். கட்டி உருகினால் தண்ணீர், தண்ணீர் கொதித்தால் ஆவி. மூங்கில் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னால் மறக்குமா? நடுவில் ஒரு படியைத் தாண்டிக் குதிக்கிற பொருளைப் பற்றி அந்தச் சிஸ்டர் மூச்சு விடவில்லை.

வரும் வழியில் கீழ்புத்துப்பட்டில் கோயிலுக்கு வந்த கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. வேன் ஊர்ந்து ஊர்ந்துதான் வந்தது. அங்கேயே எனக்கு வியர்த்துவிட்டது. எப்படியோ கொண்டுவந்து இறக்கி, "எவனும் பெட்டிகிட்ட போவாதீங்க" என்று கத்திவிட்டுத்தான் குழாயடிக்குப் போனேன். அப்படிச் சொன்னால் நம்ம ஆட்கள் போகாமல் இருப்பார்களா?

இப்போது புகை அடங்கியிருந்தது. பெட்டிக்குள் தண்ணீர். தண்ணீரில் கப்புகள் மிதந்தன. கூடவே நனைந்த செய்தித்தாள் ஒன்று, உள்ளே ஒன்றும் இல்லாமல்.

அக்கா பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து பார்த்தாள். "பேப்பர் இருக்குது. உள்ள இருந்த கட்டி எங்கடா? எவன் எடுத்தான்?" என்று சமையல்காரரை முறைத்தாள். பாவம், அந்த மனிதர் கையை விரித்துக் காட்டினார்.

"யாரும் எடுக்கலக்கா. காத்தா போயிடுச்சு."

"காத்தா போறதுக்கு அது இன்னா பாச்சை உருண்டையா?"

"அதேதான். துணிப் பெட்டியில போடுவ இல்ல, கொஞ்ச நாள்ல காணாம பூடுமே? அது மெதுவா போவும், இது வேகமா போய்டுச்சு. தண்ணி ஊத்தினதுல இன்னும் வேகமா."

இதைக் கேட்டுச் சவரிமுத்து மாமா பக்கெட்டை மெல்லக் கீழே வைத்தார். ஒரு கப்பைத் திறந்து பார்த்தேன். ஓரமெல்லாம் கூழாக இளகியிருந்தது. பூசைக்கு மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. பூசை முடிந்து, போட்டோ எடுத்து, பந்தி முடிந்து ஐஸ்கிரீம் வர நடுமத்தியானம் ஆகும்.

கரையிலிருந்து ஐஸ்

வேனை எடுத்துக்கொண்டு மீன் ஏலம் விடும் இடத்துக்குப் பறந்தேன். அந்தக் கோடையில் கரையில் படகும் குறைவு, ஐஸும் குறைவு. தெரிந்த மீன் வியாபாரி தனக்கு வைத்திருந்த ஐஸ் பார்களில் பாதியை உடைத்துக் கொடுத்தார். "இதுக்கு மேல கேக்காத பீட்டரு, சத்தியமா இல்ல," என்றார். அவரும் கடலில் நிறைய இழந்த மனிதர். கல்யாணத்துக்கு என்றதும் கொடுத்தாரே, அது பெரிசு.

இரண்டு புது நீல ட்ரம்களில் ஐஸைக் கொட்டி, கப்புகளைப் பிளாஸ்டிக் கவர்களில் போட்டு இறுகக் கட்டி உள்ளே செருகினோம். கட்டியவர் மாமாதான். உப்பு மூட்டை கட்டின கை, முடிச்சு அவிழாது. ட்ரம் கழுத்து வரை ஐஸ் நின்றது. இதுவும் போனால் வேறு வழியில்லை என்று எல்லாருக்கும் தெரியும். மணி அடித்தது. தாய்மாமன் இல்லாமல் நடக்குமா? நான் சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். மாமா இரண்டு நிமிஷம் கழித்து வந்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பீடத்துக்கு நடந்தார்.

பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்காதீர்கள். என் மனசு முழுக்க ட்ரம்முக்குள் இருந்தது.

வெள்ளையாகப் பூத்தது

கடைசி ஆசீர்வாதமும் போட்டோவும் முடிந்து, முதல் பந்தி உட்கார்ந்த பிறகுதான் என்னால் சமையல் பந்தலுக்கு வர முடிந்தது. சமையல்காரர் என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"ஏம்பா, உப்பு எங்க? அடுத்த பந்தி தயிர் வெங்காயத்துக்குப் போடலாம்னு பாத்தா கூடை காலியா இருக்குது!"

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பந்தலுக்குள் முதலில் நுழைகிற பொருள் உப்பு. பெண்ணின் அப்பா தன் கையால் ஒரு கூடை கொண்டுவந்து வைப்பார். அன்று காலை மாமா வைத்த கூடையில் ஒரு கல் இல்லை.

ட்ரம் பக்கம் போனேன். ட்ரம்மின் வெளிப்பக்கம், நீலத்தின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. உப்புதான் என்று நினைத்தேன். உப்பளத்து ஓரத்தில் கிடக்கும் எதன்மேலும் இப்படித்தான் பூக்கும். விரலால் சுரண்டி நாக்கில் வைத்தேன். கரிக்கவில்லை. ஜில்லென்று கரைந்து போனது. அப்போதாவது யோசித்திருக்கலாம். நான் மூடியைத் திறந்துவிட்டேன்.

கழுத்து வரை நின்ற ஐஸ் பாதிக்குக் கீழே போய்விட்டது. மிச்சமெல்லாம் தண்ணீர்.

பின்னால் மாமா வந்து நின்றார், புது வேட்டி சட்டையில்.

"கூடை உப்பு எங்க மாமா?"

"ட்ரம்முல போட்டேன்."

"எதுக்கு?"

"மீனுக்குப் போடறாங்க இல்ல? உப்பு போட்டா எதுவும் கெடாது."

"மீன் கெடாது மாமா! இது மீனா? கருவாடு போடவா பாண்டிச்சேரியிலேர்ந்து கொண்டாந்தேன்? ஐஸெல்லாம் தண்ணியா நிக்குது பாருங்க! காலையில பக்கெட்டு, இப்ப கூடை! ஒரு எடத்துல சும்மா நிக்க மாட்டீங்களா நீங்க?"

இதற்குப் பிறகு நான் சொன்னதைப் பத்திரிகையில் போட மாட்டார்கள். அக்கா புருஷனை அப்படிப் பேசலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த ட்ரம்மைப் பார்த்த எவனும் பேசுவான். நான் இன்றைக்கும் அதில் ஒரு வார்த்தையை வாபஸ் வாங்கத் தயாரில்லை. மாமாவும் கேட்கவில்லை. அவர் என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது, அவருக்குக் கோபம் வந்ததா என்பதே தெரியாதே!

சத்தம் கேட்டு அக்கா வந்துவிட்டாள். காலியான கூடையைப் பார்த்தாள், ட்ரம்மைப் பார்த்தாள்.

"உப்பா?" என்றாள். "மறுபடியும் உப்பா?"

அரிசி மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "என் பொண்ணும் பேச்சு கேக்கணும்னு எழுதியிருக்குது. வுடு."

அதே நேரம் பந்தியிலிருந்து குரல் வந்தது. "ஐஸ்கிரீம் எடுத்தாங்கப்பா!"

கல்

வேறென்ன செய்வது? கையைத் தண்ணீருக்குள் விட்டேன். விட்ட வேகத்தில் வெளியே இழுத்துக்கொண்டேன். எலும்புக்குள் குடைந்தது. அத்தனை வருஷம் மீன் ஐஸ் ஏற்றி இறக்கியவன் நான், அப்படி ஒரு குளிரைத் தொட்டதில்லை. துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு கவரை இழுத்தேன். மாமா போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. உள்ளே கப்புகள் ஒன்றோடொன்று மோதி 'கட கட' என்றன.

ஒன்றைத் திறந்து அக்காவிடம் நீட்டினேன். அவள் நுனி நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"கரிக்கல," என்றாள். "டேய், கரிக்கலடா. இனிக்குதுடா!"

என் உயிர் திரும்பி வந்தது. ஆனால் முழுசாக வரவில்லை. ஏனென்றால் பந்தியில் அடுத்த கூத்து தொடங்கியிருந்தது. முதல் வரிசையில் மரக் கரண்டிகள் 'பட் பட்'டென்று ஒடிந்தன. லூர்துமேரி அம்மா கப்பைக் கவிழ்த்து மேஜையில் தட்டினார். டொக், டொக். ஐஸ்கிரீம் அசையவில்லை.

"இன்னா சம்பந்தி இது?" என்றார். "ஐஸ்கிரீம் கேட்டா கல்லு குடுக்கறீங்க?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆரோக்கியத்தின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இருபது வருஷப் பாயசத்துக்குத் துணையாக இன்னொன்று கிடைத்துவிட்டது அந்த அம்மாவுக்கு.

அப்போது மணமகன் மேடையிலிருந்து இறங்கி வந்தான். கழுத்தில் மாலையோடு நேரே ட்ரம் பக்கம் போனான். வெளியே பூத்திருந்த வெள்ளையைச் சுரண்டிப் பார்த்தான், தண்ணீரில் ஒரு விரலை விட்டான், சிரித்துவிட்டான்.

"யாரு ஐடியா இது?"

எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். "நான்தான் மாப்ள," என்றார் மாமா கடைசியில்.

"அம்மா, கேளுங்க," என்று பந்தியைப் பார்த்துத் திரும்பினான் பிரிட்டோ. "ஐஸ்ல உப்பு போட்டா சீக்கிரம் உருகும். உருகணும்னா அதுக்குச் சூடு வேணும். அந்தச் சூட்டைப் பக்கத்துல இருக்கிற கப்புலேர்ந்து உறிஞ்சிக்கும். ஐஸ் தண்ணியாகத் தண்ணியாக, கப்பு கல்லா மாறிடும். தண்ணியப் பாருங்க, ஐஸை விடச் சில்லுனு இருக்குது. உப்பு போடலன்னா இந்த வெயிலுக்கு நீங்க குடிச்சிருக்கணும், சாப்ட்டிருக்க முடியாது. மாமா காப்பாத்திட்டாரு."

மாமா ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அந்த மனிதருக்கு அது வராது.

"எனக்கு அதெல்லாம் தெரியாது மாப்ள. மீனு மாரி இதுவும் கெடக் கூடாதுன்னு போட்டேன்."

பந்தலே சிரித்தது. லூர்துமேரி அம்மாவும் சிரித்துவிட்டார். "அப்போ கொஞ்ச நேரம் கையில வெச்சிருந்து சாப்டணும், அவ்ளோதான?" என்று கப்பை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துக்கொண்டார். அந்த வெயிலில் அந்தக் குளிர்ச்சியே அவருக்குப் போதுமாக இருந்தது. எல்லாரும் அதையே செய்தார்கள். கும்பிடுவது போல் கையை வைத்துக்கொண்டு ஒரு பந்தியே பேசிச் சிரித்துக் காத்திருந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஓரம் இளகியது. சாப்பிட்டார்கள். லூர்துமேரி அம்மா இன்னொன்று கேட்டு வாங்கினார்.

நான் அண்டாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டேன். கை இன்னும் விறைப்பாகத்தான் இருந்தது. என்ன நிம்மதி, அடேயப்பா! அப்படியே தூங்கிப்போனேன். மறுவீட்டுக்கு ஆள் ஏற்ற என்னை உலுக்கித்தான் எழுப்பினார்கள்.

பாண்டிச்சேரியில் ஒரு மத்தியானம்

அடுத்த வருஷம் பிரிட்டோவின் தம்பிக்குப் பாண்டிச்சேரியில் கல்யாணம். பெரிய மண்டபம், ஃபேனெல்லாம் சுற்றியது. நாங்கள் எல்லாரும் போயிருந்தோம், ஆரோக்கியமும் வந்திருந்தது. சாப்பாடு முடிந்து ஐஸ்கிரீம் வந்தது. கப்பைத் திறந்தால் உள்ளே வெறும் பால். கரண்டியை விட்டால் மூழ்கியது.

மூன்றாவது மேஜையிலிருந்து லூர்துமேரி அம்மாவின் குரல், மண்டபம் முழுக்கக் கேட்டது.

"இன்னாங்க இது, ஐஸ்கிரீமா? எங்க மூத்தவன் கல்யாணத்துல சாப்ட்டமே, மரக்காணத்துல! மே மாசத்து வெயில்ல கரண்டி ஒடிஞ்சிதுங்க! யாராச்சும் என் மரக்காணத்துச் சம்பந்திகிட்ட சொல்லி ஒரு கூடை உப்பு கொண்டாரச் சொல்லுங்க!"

"எங்க தம்பி உப்பளத்து உப்புங்க அது," என்றது ஆரோக்கியம், பக்கத்து இலைக்காரியிடம், ரொம்பப் பெருமையாக.

அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். உருகிப்போன அந்தக் கப்பை இரண்டு கையாலும் எடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தாள். உதட்டைத் துடைத்துக்கொண்டு, நாத்தனாருக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"பாயசம் நல்லா இருக்குதுடா பீட்டரு."